திருட்டுக் கொடி

"இது திருட்டுக் கொடிங்க மேடம். விடியக்காலையில வேலி தாண்டிப் போய் அறுத்துட்டு வந்தேன்."

ஈரத்துணி மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வந்தவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். பிரித்தால், உள்ளே சர்க்கரைவள்ளிக் கொடி. இலையெல்லாம் சுருண்டு வெளிறிக் கிடந்தது.

"யார் வயல்ல?" ஆய்வுக்கூடப் பொறுப்பாளரான அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்க அண்ணன் வயல்லதான். வைரஸ் நோய் மேடம். ரெண்டு போகமா கிழங்கு விரல் தண்டிக்குத்தான் விழுது. இந்தத் தடவையும் இப்படின்னா நிலத்தை வித்துட்டுக் கிளம்பிடுவேன்னு சொல்லிட்டிருக்காராம்."

"சொல்லிட்டிருக்காராமா? உங்ககிட்ட சொல்லலையா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லீங்க. வீம்பு பிடிச்ச மனுஷன். இந்த ரகத்தை விட்டு வேற எதையும் தொட மாட்டார். இதையே நோயில்லாம ஆக்கித் தருவீங்களாமே?"

அது அங்கே அன்றாட வேலைதான். கொடியின் நுனிக் குருத்துக்குள், கடுகைவிடச் சின்னதாக ஒரு முனை இருக்கும். நோய் அநேகமாக அதுவரை எட்டியிருக்காது. நுண்ணோக்கியில் பார்த்து அதை மட்டும் வெட்டியெடுத்து, கண்ணாடிப் புட்டியில் சத்துக்கூழ் ஊற்றி வளர்த்தால், அதே ரகம் நோயில்லாமல் வரும்.

"மாசக்கணக்குல ஆகும். பாதி முனை பிழைக்காது. அண்ணனுக்காகவா இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"அண்ணனுக்கா! நல்லாச் சொன்னீங்க போங்க." அவர் சிரித்தேவிட்டார். "வாய்க்கால் வளைவுக்கு அந்தப் பக்கம் என் வயல். அவர் கொடியில இருக்கிற நோயை வெள்ளை ஈ தூக்கிட்டு வந்து என் கொடியில இறக்கிடும். என் கிழங்கு தப்பணும்னா அவர் வயல் சுத்தமாகணும். செலவு என்னோடது. அவர்கிட்டயும் இதையே சொல்லுங்க, ஒளிக்க வேண்டாம்."

'நல்ல தம்பிதான்!' அவள் மனசுக்குள் முகம் சுளித்தாள். 'அண்ணன் நடுத்தெருவுக்கு வந்தாலும் இவருக்குத் தன் கிழங்குதான் முக்கியம்.'

வெட்டி வைத்த முனைகளில் சில கறுத்துப் போயின. சில புட்டிகளில் பூஞ்சணம் பூத்தது. தப்பிய முனைகள் மெல்லப் பச்சை பிடித்து, வேர்விட்டு, புட்டிக்குள்ளேயே குட்டிக் கொடிகளாயின. சோதித்துப் பார்த்ததில் நோய் இல்லை. அவற்றைத் துண்டு போட்டுப் பெருக்கி, நிழல்வலைக்குள் வெளிக்காற்றுக்குப் பழக்கி, கடைசியில் தட்டுத்தட்டாக நாற்றோடு அவளே அண்ணன்காரர் வயலுக்குப் போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆக, தொரை வயலுக்கு நோய் வரக்கூடாது. அதுக்கு நான் என் வயல்ல இதை நடணும்."

"ஆமாங்க." சொல்ல அவளுக்கே நாக்கு கூசியது.

"பாவம்னு கொடுத்தனுப்பியிருந்தா தட்டோட திருப்பி அனுப்பியிருப்பேன். யார் தயவும் எனக்கு வேண்டாம். அவன் காரியத்துக்குன்னா சரி. இறக்குங்கம்மா."

"பழைய கொடி ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுங்க."

"அதையெல்லாம் போன வாரமே பிடுங்கி எரிச்சாச்சு. கிழங்கு வைக்காத கொடியைக் கொஞ்சிட்டா இருப்பாங்க?"

தம்பிக்கு ஏற்ற அண்ணன் என்று நினைத்தபடி அவள் நாற்றுகளை இறக்கிக் கொடுத்தாள். வந்தது வந்தோம், தம்பிக்காரர் வயலில் நோய் ஏற்கெனவே தொற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என வாய்க்கால் வளைவைத் தாண்டி நடந்தாள்.

அங்கே ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நின்றது.

"கிழங்குக் கொடி எந்தப் பக்கம்?" தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்.

"கிழங்கா? எங்க முதலாளி சோளத்தைத் தவிர எதையும் போட்டதில்லையே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலித் தட்டுகளை எடுக்கத் திரும்பி வந்தபோது, அண்ணன்காரர் முதல் வரிசையை நட்டு முடித்திருந்தார்.

"ஐயா... உங்க தம்பி வயல்ல..."

"சோளம்தானே?" அவர் குனிந்த தலை நிமிராமல், அடுத்த நாற்றைச் சுற்றி மண்ணை அழுத்தினார். "தெரியும்மா. தினம் காலையில வாய்க்கால் மேட்டுல ஏறி, அவன் பயிர் எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துட்டுத்தானே என் வேலையையே ஆரம்பிக்கிறேன்."

அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நீங்க இதை அவன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அப்புறம் அடுத்த தடவை எனக்கு உதவறதுக்கு அவன் வேற பொய் தேடணும், பாவம்."