ஞானம்மாள் கெர்ரி பார்க்கிறாள்

தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி சவரிமுத்து மனைவியையே பார்க்கிறான். கான்வென்டில் சமையல் செய்யும் ஞானம்மாள், அயர்லாந்து சிஸ்டர் இரவல் கொடுத்த படப்பெட்டியைக் கண்ணில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் தூக்கியிருக்கிறாள். விசையை அழுத்த அழுத்த உள்ளே சிஸ்டரின் சொந்த ஊரான கெர்ரிச் சீமை படம்படமாக நகர்கிறது. "அம்மாடி, எம்மாம் பெரிய ஏரி! குதிர வண்டியில ஜனங்க சுத்திப் பாத்துக்கினு போறாங்கய்யா!" அவள் வாய் தானாகச் சிரிக்கிறது. மகாபலிபுரத்துக்கு அவன் கூட்டிப்போன அன்று முழுக்க வெயில் வெயில் என்று புலம்பிய வாய். அவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நீயும் பாருய்யா" என்று பெட்டியை அவன் கண்ணில் வைக்கிறாள். அவள் முகத்தின் சூடு அதில் இன்னும் இருக்கிறது. விசை டக்கென்கிறது.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு" என்கிறான், கண்களை இறுக மூடிக்கொண்டு.