ஐந்தாம் பக்கம்

“ஏன் சார், காசு கொடுத்து வாங்கின பேப்பர். ஒருத்தரும் படிக்கிறதுக்கு முன்னாடியே கிழிச்சா எப்படி?”

மெடிக்கல் ரெப்புக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. இந்த ரயில் பெட்டியின் மூலை கோஷ்டியில் அவர் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகிறது. ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பேப்பர் வாங்குவார்கள். இன்று அவர் முறை. ஏறி உட்கார்ந்ததும் எதிர் சீட் ஸ்டோர்கீப்பர் கை நீட்டி வாங்கினார், புரட்டினார், ஐந்தாம் பக்கத்தைச் சரக்கென்று கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நானும் பார்க்கிறேன், தினமும் இதே வேலையா இருக்கு. அப்படி என்ன சார் அதுல? நடிகை படமா?”

ஸ்டோர்கீப்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“வயசுக்கேத்த மாதிரி நடந்துக்க வேணாமா?”

பெட்டியில் மற்ற யாருக்கும் இது காதில் விழவில்லை. ஆளுக்கொரு போன், காதில் ஒயர். இந்தக் காலத்து ரயிலில் பக்கத்து சீட்டில் கொலையே விழுந்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள்.

நர்ஸம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சீரியலை நிறுத்தினார்.

“மெதுவாப் பேசுங்க. அடுத்த ஸ்டேஷன்ல டெய்லர் ஏறுவார்.”

“ஏறட்டும். அவருக்கென்ன?”

“அவருக்கு ஒரே பொண்ணு. போன வருஷம் காலேஜ் விட்டு வர்றப்ப கார் மோதிப் போயிடுச்சு. ஓட்டின பையன் குடிச்சிருந்தானாம். அவர் ஒரு மாசம் ரயில்ல வராம இருந்து, அப்புறம்தான் எங்களுக்கே விஷயம் தெரியும்.”

ரயில் சிநேகம் அப்படித்தான். தொழிலைத் தெரிந்துகொள்வதோடு சரி. பேர், வீடு, பிள்ளைகுட்டி எதையும் யாரும் கேட்பதில்லை.

“இப்ப கேஸ் நடக்குது. அஞ்சாம் பக்கத்துல தினமும் போடுறான். பொண்ணு காதுல பாட்டு கேட்டுக்கிட்டே ரோட்டைக் கடந்துச்சு, தப்பு அது மேலதான்னு அந்தப் பையனோட வக்கீல் பேசுறாராம். பெத்தவர் அதை இங்க உட்கார்ந்து படிக்கணுமா? எங்க யாருக்கும் தோணலை. இவருக்குத்தான் தோணுச்சு.”

ரெப்பின் முகம் செத்துப்போனது.

“சார்... தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“பரவாயில்லை, விடுங்க” என்றார் ஸ்டோர்கீப்பர். முகத்தைத் திருப்பவில்லை.

டெய்லர் ஏறினார். ஸ்டோர்கீப்பர் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். டெய்லர் பேப்பரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். நாலைத் திருப்பினால் ஏழு வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.

கடைசி ஸ்டேஷனுக்கு முந்தினதில் ஸ்டோர்கீப்பரும் நர்ஸம்மாவும் இறங்கிக்கொண்டார்கள். ரெப்பும் டெய்லரும் கடைசியில் இறங்கினார்கள். படியேறும்போது ரெப்பால் வாயை அடக்க முடியவில்லை.

“அண்ணே, ஸ்டோர்கீப்பர் மாதிரி ஒரு சிநேகிதர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்.”

“அஞ்சாம் பக்கத்தைச் சொல்றீங்களா?”

ரெப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்குத் தெரியுமா?”

“வீட்டுக்கும் அதே பேப்பர்தான் தம்பி வருது. படிச்சுட்டுத்தான் கிளம்புறேன். படிக்காம எப்படி இருக்கிறது? செத்த பிறகும் என் பொண்ணு மேல பழி போடுறாங்க.” டெய்லர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அந்தப் பையனை நான் விடமாட்டேன். அவன் உள்ளே போகாம எனக்கு மனசு ஆறாது.”

“விடாதீங்க அண்ணே. தினமும் கோர்ட்டுக்குப் போய் முன் வரிசையிலேயே உட்காருங்க.”

“நான் போறதில்லை. மச்சானைத்தான் அனுப்புறேன்.”

“ஏண்ணே?”

“ஒரே ஒரு நாள் போனேன். வராந்தாவுல அந்தப் பையனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவன் அப்பா தேம்பித் தேம்பி அழுதுட்டிருந்தார். நல்லவேளை, என்னைப் பார்க்கலை. அப்படியே திரும்பி வந்துட்டேன்.”

“பார்த்தா பார்க்கட்டுமே! கூனிக் குறுக வேண்டியது அவர்தானே? நீங்க எதுக்கு ஒளியணும்?”

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பார்த்திருந்தா, நம்ம ஸ்டோர்கீப்பர் மறுநாள் எந்த முகத்தை வச்சுக்கிட்டு என் பக்கத்துல உட்காருவார் தம்பி?”