முழங்காலுக்குக் கீழே

திராட்சைத் தோட்டக்காரர் பேனாட் மெழுகுவர்த்தியை ஒரு நீண்ட கம்பியின் கொக்கியில் மாட்டி, படிக்கட்டின் நடுவில் நின்றபடியே ஒயின் நிலவறைக்குள் இறக்கினார்.

எதிர்ச் சுவரில் மூன்று சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தன. தரையிலிருந்து அளந்தது: நெஞ்சு, இடுப்பு, முழங்கால்.

நெஞ்சுக் கோட்டில் சுடர் நன்றாக எரிந்தது.

இடுப்புக் கோட்டிலும் எரிந்தது. கொஞ்சம் சோம்பலாக.

முழங்கால் கோட்டைத் தாண்டியதும் அணைந்தது. காற்று வீசவில்லை, யாரும் ஊதவில்லை. சுடர் திரியை விட்டுக் கழன்று, இல்லாமல் போயிற்று. புகை மேலே வரவில்லை. முழங்கால் உயரத்திலேயே பாலாடை மாதிரி மிதந்தது.

சுற்றிப் பார்க்க வந்து படிகளில் நின்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

விமலநாதன் அண்ணன் மட்டும் மேலே சுவைபார்க்கும் மேசையில் நடந்ததையே இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார். "வாயில வைச்சதைத் துப்புறதுக்கோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? கார் ஓட வேணுமெண்டு நானும் துப்பினன். நெஞ்சு பொறுக்குதில்லை."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுக்காரர். மேலே அவர் குடும்பம்; தரைக்கு அடியில் பேஸ்மென்டில் நானும் என் மனைவி கயலும் எட்டு மாத மகளும். இந்த அக்டோபரில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒயின் போட்டிருக்கிறார். இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வர, துணைக்கு என்னையும் அழைத்து வந்திருந்தார்.

பேனாட் பொறுமையாக விளக்கினார். எனக்கு அப்படி விளக்குகிறவர்களைப் பிடிக்கும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. தின்றதில் ஏறக்குறையப் பாதி மதுவாகிறது, மறுபாதி கரியமில வாயுவாகிறது. ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் நாற்பது லிட்டருக்கு மேல் வாயு விடும்.

அதற்கு நிறம் இல்லை. காற்றைப் போல ஒன்றரை மடங்கு எடை. அதனால் தண்ணீர் போலத்தான் நடந்துகொள்ளும். பள்ளம் தேடும், படி இறங்கும், கதவுக்கு அடியில் நுழையும், தரையில் தேங்கும். மின்விசிறியை ஓடவிட்டு வெளியேற்றாமல் இங்கே யாரும் இறங்குவதில்லை.

நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, குனிகிறவருக்குத்தான் தெரியும் என்றார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் திரும்பினேன். "அண்ணே, உங்க பீப்பா எத்தனை?"

"நாலு. ஒவ்வொண்டும் இருநூறு லீட்டர்." அவர் முகம் மலர்ந்தது. "வியாழக்கிழமை துடக்கம் கொதிக்குது. காதை வைச்சுப் பார், மழை பெய்யிற மாதிரிக் கேக்கும்."

எண்ணூறு லிட்டர். நாற்பதால் பெருக்கினால் முப்பத்திரண்டாயிரம்.

எங்கள் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. அதைத் தரையிலிருந்து முழங்கால் வரை நான்கு தடவை நிரப்பலாம். இன்று ஞாயிறு. பாதிதான் வந்திருக்கும் என்று வைத்தாலும் இரண்டு தடவை.

அந்த நாலு பீப்பாய்களும் எங்கள் படுக்கையறைக்கு அடுத்த சாமான் அறையில் இருக்கின்றன. நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி.

ஜன்னல் வழியாக வெளியேறிவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

பேஸ்மென்ட் ஜன்னல்களுக்குப் போன வாரம்தான் குளிர்காலப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். சட்டத்தைச் சுற்றி இருபக்கப் பசை நாடா, அதன்மேல் தாள். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் தாள் சுருங்கி விறைத்துக்கொள்ளும். நன்றாக ஒட்டினால் ஒரு நூல் காற்றுகூட நுழையாது, வெளியே போகாது. நான் நன்றாகவே ஒட்டியிருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை என்று கயலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கயலுக்கு நேற்றிலிருந்து தலைவலி. அதனால்தான் எங்களோடு வரவில்லை. கனடா மெத்தை குழைகிறது, இடுப்பு வலிக்கிறது என்று, வந்த நாளிலிருந்து தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறாள்.

"மாத்திரை போட்டுட்டுக் கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்." காலையில் நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

நிலவறைப் படிகளில் செல்ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. நின்றவர்களை விலக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

"என்ன தம்பி, ரெண்டு வாயிலேயே ஏறிட்டுதோ?" அண்ணன் கீழிருந்து கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

வெளியே, இலை பழுத்த திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் நின்று வீட்டு எண்ணை அழுத்தினேன். எங்கள் ஃபோன் சமையலறைச் சுவரில் தோள் உயரத்தில் மாட்டியது. எழுந்து நடந்து வந்தால்தான் எடுக்க முடியும்.

ஐந்து தடவை அடித்தது. ஆறு. ஒன்பது.

பதினொன்றாவதில் எடுத்தாள்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கத்தாதீங்க, நல்லாத்தான் கேக்குது. தலைவலி போயிருச்சு. ரொம்ப நேரமா அடுப்புகிட்டதான் நிக்கிறேன், ரசம் வெச்சுக்கிட்டு. தாளிப்பைப் பாதியில விட்டுட்டு வர முடியல."

நிற்கிறாள். ரொம்ப நேரமாக நிற்கிறாள். அவள் தலை தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பொண்ணு இன்னிக்கு என்ன சமத்து தெரியுமா? பத்து மணிக்குப் பாயில போட்டது, ரெண்டாகப் போகுது. நீங்க இவ்வளவு நேரம் ஃபோன் அடிச்சும் அசையவே இல்ல."