பழைய நம்பர்

கம்ப்யூட்டருக்கே ஞாபகசக்தி ஏற்றத் தெரிந்தவன் மதுரை ஜில்லாவில் தான் ஒருவன் மட்டுமே என்று அழகுபாண்டி திடமாக நம்பினான்.

“என் கம்ப்யூட்டர்ல கை வைக்காதண்ணே, நாளைக்கு என் புராஜெக்டைக் குடுக்கணும்,” என்றாள் தங்கை சுபலட்சுமி.

“வர்ச்சுவல் மெமரின்னு, மெமரி பத்தாதப்ப டிஸ்க்குல கடன் வாங்குற இடம்; அது அளவை மாத்துனாப் பறக்கும் புள்ள. சரிப்படலைன்னா திருப்பிப் போட, இப்ப இருக்குற பழைய நம்பர் மண்டையில இருக்கு. உன்னைய மாதிரி எல்லாத்தையும் காலண்டர் தாள்ல கிறுக்குற ஆளா நான்?”

மாற்றினான். மெமரி போதாது என்று புராஜெக்ட் திறக்க மறுத்தது. பழைய நம்பர் அழகுபாண்டியின் மண்டையிலிருந்து நழுவியிருந்தது. மூன்று நம்பர் போட்டுப் பார்த்தான், அசையவில்லை.

“மண்டையைத் தட்டிப் பாருண்ணே,” என்றவள், ஏற்கெனவே கிழித்து வைத்திருந்த அன்றைய காலண்டர் தாளை நீட்டினாள். அதில் அவள் முன்கூட்டியே குறித்து வைத்த பழைய நம்பர் இருந்தது. போட்டதும் புராஜெக்ட் திறந்தது.

அவள் அந்தப் பக்கம் போனதும், இன்றைய தாளை அவள் கிழித்துவிட்டதால், அழகுபாண்டி நாளைய தாளைக் கிழித்து அந்த நம்பரை எழுதிக்கொண்டான்.