ஒரு மணிக்கு மூடும் கேட்

மருந்துக்கடைக்காரரை இன்னும் காணவில்லை.

எட்டு பைக்குகளில் ஏழு வந்துவிட்டன. கணவாய்க்குப் போகும் கேட்டை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மேலே காற்று பேயாக அடிக்கும். இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

தலைவர் கைக்கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறி முறைத்தார். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். ஆபீஸில் சர்க்குலர் விட்ட கை ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பைக் பயணத்துக்கும் பத்து விதிகள் டைப் அடித்து, ஆளுக்கொரு காப்பி கொடுத்து, கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே சர்க்குலர்தான்.

விதி மூன்று: சாலை பிரியும் இடத்தில், தலைவருக்கு அடுத்து வருகிறவர் நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி வண்டி கடந்ததும் அவரும் அதன் பின்னாலேயே வந்துவிட வேண்டும். இன்றைக்கு அப்படி நின்றவர் மருந்துக்கடைக்காரர். கடைசி வண்டி டிராயிங் வாத்தியாருடையது. வாத்தியார் வந்தே ஒரு மணி நேரம் ஆகிறது.

விதி ஒன்று: ஒருத்தர் குறைந்தாலும் கேட்டைத் தாண்டக் கூடாது.

ஏழாவது விதியைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் தலைவர் இரண்டு நாளாகப் பாடுபடுகிறார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி, வாந்தி வந்தால் பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட வேண்டும், யாராக இருந்தாலும். அந்த 'யாராக இருந்தாலும்' என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

முந்தாநாளிலிருந்து அவர் தலைக்குள் யாரோ அம்மி கொத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் தின்ற ரொட்டி கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாறைக்குப் பின்னால் போய் வந்தார். பைக் பாறைக்கு இந்தப் பக்கம் நின்றது.

இந்தக் கணவாய்க்காக ஒன்பது வருடம் காத்திருந்தவர். இப்போது லாரியில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தால், மருமகள் கதவைத் திறந்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா மாமா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை அவரால் தாங்க முடியாது.

போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று வாத்தியார் கேட்டார். கேட்டவர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மற்றவர்களும் காயப்போட்ட துணி மாதிரி ஆளுக்கொரு கல்லில் கிடந்தார்கள். ஒருத்தருக்கும் கவலையில்லாதது தலைவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு மணிக்குக் காவலாளி கம்பத்தை இறக்கினார். ஐந்தாவது நிமிஷம் மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

"எங்கேய்யா போனே?"

"கண்ணசந்துட்டேன் தலைவரே."

"இந்தக் குளிர்லயா? நின்னுக்கிட்டேவா?"

"கடையில அப்படித்தான் தூங்குவேன். பழக்கமாயிடுச்சு."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

தலைவர் அரை மணி நேரம் கத்தினார். பொறுப்பு, ஒழுங்கு, கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாம் வந்து போயின. கத்தக் கத்த உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. இன்றைக்கு மேலே ஏற வேண்டாம். படுத்துக்கொள்ளலாம். அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் தீர்ப்பைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டார்: காலையில் வரும் லாரியில் மருந்துக்கடைக்காரர் ஊர் திரும்ப வேண்டும்.

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருந்துக்கடைக்காரர் அவர் கையை அழுத்தினார்.

"சரி தலைவரே. நீங்க போய்ப் படுங்க."

கேட்டை ஒட்டிய விடுதியில் தலைவர் பதினாறு மணி நேரம் தூங்கினார். எழுந்தபோது தலை லேசாக இருந்தது. மூன்று ரொட்டி, இரண்டு முட்டை உள்ளே போயின. போன இடத்திலேயே இருந்தன. உடம்பு தேறியதும் மனசாட்சியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஏழு பேர் காதில் விழச் சொன்னதை எப்படி மாற்றுவது?

வெளியே மருந்துக்கடைக்காரர் லாரியில் ஏற்றிய தன் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கம்பத்தைத் தூக்க வந்த காவலாளி அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இவரையா அனுப்புறீங்க? நேத்து பன்னிரண்டு மணிக்கே கீழ் வளைவுக்கு வந்துட்டாரே. என் கூண்டுலேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியும். நான் கம்பத்தை இறக்கினப்புறம்தான் வண்டியையே கிளப்பினார்."

தலைவர் திரும்பினார். "வேணும்னே செஞ்சியா?"

மருந்துக்கடைக்காரர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார்.

"முந்தாநாளே உங்க முகத்தைப் பார்த்துட்டு இவர் சொன்னார். ஒரு நாள் படுத்தா தேறிடுவார், இப்படியே மேல ஏறினா ஆபத்துன்னு. உங்ககிட்ட சொன்னா விதி ஏழு. உங்களை நீங்களே லாரியில ஏத்திக்கிட்டுப் போயிடுவீங்க. அதான் ஏழு பேரும் சீட்டு எழுதிக் குலுக்கினோம், யார் லேட்டா வந்து திட்டு வாங்குறதுன்னு. லாரி வரைக்கும் போகும்னு நினைக்கல. நேத்தே சொல்லியிருப்போம், முதல்ல மனுஷன் தூங்கட்டும்னு இவர்தான் தடுத்துட்டார்."

தலைவர் லாரியில் ஏறி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பைக்கை இறக்கும்போது ஒரு பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"அடுத்த கணவாய் இதைவிட உயரமாச்சே. அதுக்கு யார் பேர் விழுந்திருக்கு?"

வாத்தியார் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"என் பேர்தான். கொஞ்சம் சுருக்கமாத் திட்டுங்க தலைவரே."