பதினேழாம் நம்பர்

“விழப்போகுது பாருங்க” என்றாள் தலைமையாசிரியை. சொல்லி வாய் மூடவில்லை. சாக்கு ஓட்டத்தில் பதினேழாம் நம்பர் மனிதர் மூக்கு மணலில் புதையத் தலைகுப்புற விழுந்தார்.

கடற்கரையே கைகொட்டிச் சிரித்தது. வசந்த விழாவின் ஒலிபெருக்கிக்காரர் வேறு, “பதினேழாம் நம்பர் பெரியவருக்கு மண்ணு மேல என்ன பாசம்!” என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

“உங்களுக்குத் தெரிஞ்சவரா அக்கா?” என்று கேட்டாள் பக்கத்து நாற்காலிப் பூத்தொப்பிக்காரி.

“தெரிஞ்சவரா? இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனுக்கு வடிச்சுக் கொட்டின கை இது!”

பூத்தொப்பிக்காரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்க, கடைசி வரிசைக்கு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பெடுக்க ஆள் கிடைத்தால் தலைமையாசிரியை விடுவாளா?

அடுத்தது பட்டம் விடும் போட்டி. சிவப்பும் மஞ்சளுமாய் நூறு பட்டங்கள் ஆகாயத்துக்கு ஏற, பதினேழாம் நம்பரின் பட்டம் மட்டும் ஐஸ்கிரீம் வண்டிக் குடையில் போய்ச் சொருகிக்கொண்டது.

“ஒரு பல்பு மாட்டத் துப்பு கிடையாது. மாட்டச் சொன்னா தெருவுக்கே கரண்ட் போகும். இது பட்டம் விட வந்துடுச்சு!”

“குறட்டை விடுவாரா?”

“குறட்டையா? பக்கத்து வீட்டு நாய் எழுந்து பதில் குரைக்கும்.”

“காபிக்குச் சர்க்கரை?”

“மூணு கரண்டி. டாக்டர் கேட்டா, ஒண்ணுன்னு வாய் கூசாம பொய் சொல்லும்.”

“இப்பவும் அப்படித்தானா?”

தலைமையாசிரியை ஒரு கணம் தடுமாறினாள். “மாறுற ஜென்மமா அது? நாய் வாலை நிமிர்த்த முடியுமா?”

குடையிலிருந்து பட்டத்தைப் பிய்த்தெடுத்த பதினேழாம் நம்பர் இந்தப் பக்கம் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினார். தலைமையாசிரியை சட்டென்று கையிலிருந்த பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூத்தொப்பிக்காரிதான் பாவம் பார்த்தவள்போலப் பதிலுக்குக் கையாட்டினாள்.

“மானம் போகுது! வருஷா வருஷம் இதே கூத்து. நானும் வந்து பார்த்து வயிறெரிஞ்சுட்டுப் போறேன்.”

“அப்புறம் ஏன்க்கா வர்றீங்க?”

“எப்படித் தோத்துத் தொலையுதுன்னு பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?”

கடைசியாக நீச்சல். தூரத்தில் மிதந்த சிவப்பு மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பதினொரு பேர் போனார்கள். பத்துப் பேர் வந்தார்கள்.

ஒலிபெருக்கிக்காரரும் வாயை மூடிக்கொண்டார். தலைமையாசிரியை தன்னையறியாமல் எழுந்து நின்றாள். பத்திரிகை அவள் கைக்குள் கசங்கிக் கயிறாகிக்கொண்டிருந்தது.

“குளத்துல இறங்கவே நடுங்கும், இதுக்கு எதுக்குக் கடல்? முழங்கால் வேற இழுத்துக்கும். சொன்னா கேட்டாத்தானே…” அப்போதும் திட்டத்தான் செய்தாள்.

இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. தவழ்ந்து தத்தளித்துக் கரையேறிய பதினேழாம் நம்பர், என்னவோ முதலில் வந்தவர்போல இரண்டு கைகளையும் தூக்கினார். கூட்டம் விசிலடித்தது.

தலைமையாசிரியைக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே இளக்காரமும் வந்தது. “வெட்கங்கெட்ட ஜென்மம்! கடைசியா வந்துட்டுக் கையைத் தூக்குது பாருங்க. காதுல தண்ணி போயிருக்கும். இப்பவே துடைக்கலைன்னா ராத்திரி பூரா முனகிக்கிட்டுக் கிடக்கும்” என்று இரண்டடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் பூத்தொப்பிக்காரி தன் பையிலிருந்து ஒரு பெரிய துண்டை உருவிக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க எங்கே கிளம்பிட்டீங்க?”

பூத்தொப்பிக்காரி அவள் தோளைத் தொட்டு, மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“விவாகரத்தாகி நாலு வருஷமாச்சேக்கா, இனிமே அவரை நான் திட்டிக்கறேன்.”