வலக்கை ரத்தம்

மகன் தன் ஜாடையில் இல்லை என்று ஆம்பூர் தோல்ஷாப்பு மேஸ்திரி கிருபானந்தத்துக்குச் சந்தேகம். 1936இல் மனைவி ஜெயபுஷ்பத்தையும் பிள்ளையையும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் மூவரின் இடக்கை விரலிலும் ரத்தம் எடுத்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஓ வகை, பிள்ளைக்கு பி. அப்பா அம்மாவுல ஒருத்தருக்காவது பி இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும்.”

“அப்போ இது யார் புள்ள?” என்று கிருபானந்தம் கத்தினான்.

ஜெயபுஷ்பம் அழவில்லை. வலக்கையை மேசைமேல் வைத்தாள். “இதுலயும் எடுங்க டாக்டர்.”

அந்தக் கையில் பி வகை ஓடியது. இடக்கையில் திரும்ப எடுத்தபோதும் ஓ வகைதான்.

கிருபானந்தத்தின் குரல் இறங்கியது. “வா புஷ்பம், வூட்டுக்குப் போலாம்.”

“நீ போ. நான் வர்ல.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். டாக்டர் அவளுடைய இரு கைகளின் ரத்தத்தையும் ஒரே கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தார். அவை கலக்க மறுத்துத் திரிந்துபோயின.